பைக்குக்கு இரட்டை ஹாரன் பொருத்தலாமா?

கேள்வி: வேளச்சேரியிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் 125 சிசி பைக்கில் செல்கிறேன். என் ஹாரன் ஒலி பேருந்து, லாரி ஓட்டுநர்களின் காதில் விழுவதே இல்லை. காரில் உள்ளது போன்ற இரட்டை ஹாரனைப் பொருத்தலாமா? ஏர் ஹாரனே நல்லது என்கிறார் நண்பர்.
- வாசகர், வேளச்சேரி

பதில்: ஏர் ஹாரன் வேண்டவே வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாகப் பல தொனிகளில் ஒலிக்கும் ஹாரன்களையும், காதைத் துளைக்கும் பிற ஒலிக்கருவிகளையும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பக்கத்தில் செல்லும் ஸ்கூட்டர்காரர் அந்த ஓசையில் திடுக்கிட்டு ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டால், பாதுகாப்புக்காகப் பொருத்தியதே விபத்துக்குக் காரணமாகிவிடும்.

புதியது வாங்குமுன் இப்போதுள்ள ஹாரனைக் கழற்றிப் பாருங்கள். மழைநீர் தேங்கிய சாலைகளில் ஓடிய வண்டிகளில், ஒயர் மாட்டும் முனைகளில் பச்சை படிந்திருக்கும். உப்புத்தாளால் அதைத் தேய்த்து, பேட்டரியையும் சோதித்து, ஹாரனின் பின்புறத் திருகைச் சற்றே திருப்பிச் சரிசெய்தாலே பல வண்டிகளில் பழைய ஒலி திரும்பிவிடும்.

அதற்கும் பயனில்லையென்றால், கனத்த தொனியும் மெல்லிய தொனியும் சேர்ந்தொலிக்கும் 12 வோல்ட் இரட்டை ஹாரனைத் தாராளமாகப் பொருத்தலாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வாங்கும்போது ரிலேயையும் (ஹேண்டில்பார் சுவிட்ச் வழியே சிறிதளவு மின்சாரம் மட்டும் ஓடவிட்டு, ஹாரனுக்கான மின்சாரத்தைத் தானே இணைக்கும் சிறு மின்சுவிட்ச்) ஃபியூஸையும் மறவாமல் சேர்த்து வாங்குங்கள். ஒவ்வொரு ஹாரனும் மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும். ஒற்றை ஹாரனுக்கென அமைந்த ஹேண்டில்பார் சுவிட்ச் அதைத் தாங்காமல் உள்ளே கருகிவிடும். பழைய ஹாரனின் இரு ஒயர்களையும் ரிலேயின் 85, 86 முனைகளில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர் 30இலும், புதிய ஹாரன்களுக்குச் செல்வது 87இலும் சேர வேண்டும். ஹாரன்களின் மற்றொரு முனை பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகும். நத்தை வடிவ ஹாரனாக இருந்தால் மழைநீர் புகாதபடி வாய்ப்பகுதி கீழ்நோக்கி இருக்கட்டும்.

திரும்பவிருக்கும் பேருந்தின் இடப்புறம் நுழைந்துகொண்டு ஹாரனை மட்டும் நம்பாதீர்கள். அங்கே ஓட்டுநரின் கண்ணாடியில் நீங்கள் தென்படாமல் போகலாம். தேவையின்றி ஒலித்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல் முறைக்கே 1,000 ரூபாய் அபராதம் உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றிய 100 மீட்டர் அமைதிப் பகுதியில் கட்டைவிரலை எடுத்தே வைத்திருங்கள்.

வண்டி இன்னும் வாரன்டியில் இருந்தால், கம்பெனி ஒயரை வெட்டாமல் சாக்கெட் மூலமே இணைத்துத் தரும்படி மெக்கானிக்கிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.