பூசணம் பூத்த புண்ணாக்கைக் காய வைத்துப் போடலாமா?

கேள்வி: வாழப்பாடி பக்கம் நான்கு கறவை மாடு வைத்திருக்கிறேன். மழையில் நனைந்து கடலைப் புண்ணாக்கும் சேகோ மில் திப்பியும் (மரவள்ளிக் கிழங்குச் சக்கை) பூசணம் பூத்துவிட்டன. வெயிலில் காய வைத்துப் போட்டு வருகிறேன். பத்து நாளாகப் பால் குறைந்துவிட்டது, ஒரு கன்று தீனி எடுக்காமல் படுத்தே கிடக்கிறது. இதனாலா?

பதில்: இதனாலாக இருக்கலாம் ஐயா. இன்று சாயங்காலத் தீனியிலிருந்தே இரண்டையும் நிறுத்திவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் பூசணம் வளர்வது நின்றுவிடும், சரி, ஆனால் அது தீவனத்துக்குள் விட்டுப்போன நஞ்சு வெயிலில் முழுதாகப் போகாது, கொதிக்க வைத்துக் கூழாகக் காய்ச்சினாலும் போகாது. அஃப்ளாடாக்சின் என்பார்கள். 1960ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்து விழுந்தன, நோய்க்கிருமி எதுவும் சிக்கவில்லை, கடைசியில் தீவனத்தைத் துருவிப் பார்த்தபோதுதான் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இது அகப்பட்டது. கடலையை ஆட்டும்போது எண்ணெயோடு போவது கொஞ்சம்தான், பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள், உள்ளே மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்து மக்கின வாடை அடிக்கும். ஆனால் பார்க்கச் சுத்தமாக இருக்கும் மூட்டையிலும் நஞ்சு இருக்கலாம், அதுவும் ஒரு மூலையில் மட்டும் திட்டுத் திட்டாக. அதனால் மீதி மூட்டைகளில் மேல், நடு, அடி என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள்.

இந்த நஞ்சு ஈரலைத் தாக்கும், கன்றுகள் தாங்காது. கன்றின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி மஞ்சள் தட்டும் என்பதால் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்ல முடியும். புளித்த திப்பியால் வயிறு கெட்டும் மாடு பால் குறைக்கும், அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு அதிகக் கவலை பாலைப் பற்றித்தான். மாடு தின்ற ஒரு நாளுக்குள் நஞ்சில் ஒரு பங்கு பாலில் இறங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கெட்ட தீனியை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் பாலிலிருந்து நீங்கிவிடும். அதுவரை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். நஷ்டம்தான், தெரிந்துதான் சொல்கிறேன். பூசணம் பிடித்ததைக் கோழிக்குப் போட்டுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம், கோழிக்கும் அதே ஈரல்தான் போகும், குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.