முல்லைத்தீவில் அச்சாகும் ஆய்விதழ் கூகுளில் ஏன் கிடைப்பதில்லை?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளுமாகச் சேர்ந்து வன்னியின் வரலாறு, விவசாயம், வழக்காறுகள் பற்றி ஆண்டுக்கு இருமுறை தமிழில் ஓர் ஆய்விதழ் வெளியிடுகிறோம். இருநூறு பிரதி அச்சிடுகிறோம். இணையத்தளத்தில் ஒவ்வோர் இதழையும் முழுதாக ஒரே பிடிஎப் கோப்பாக ஏற்றுகிறோம். ஆனால் கூகுளில் தேடினால் எங்கள் கட்டுரை ஒன்றுகூட வருவதில்லை. மாணவர்கள் மேற்கோள் காட்டுவதும் இல்லை. டிஓஐ எடுத்தால் சரியாகுமா? இம்பாக்ட் ஃபாக்டர் தருவதாகப் பணம் கேட்டு மின்னஞ்சல்கள் வருகின்றன, சேரலாமா? எங்களிடம் பெரிய நிதி இல்லை."

முதலில் அந்த மின்னஞ்சல்கள். பதில் போடாமல் அழித்துவிடுங்கள். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று காட்டும் எண்தான் இம்பாக்ட் ஃபாக்டர். அதைக் கணிப்பது கிளாரிவேட் நிறுவனம். தன் தரவுத்தளத்தில் சேர்த்துக்கொண்ட இதழ்களுக்கு அது ஆண்டுதோறும் கணித்து வெளியிடுகிறது. அந்த எண்ணுக்காக இதழ்களிடம் காசு வாங்குவதில்லை. அதே பெயருக்கு முன்னால் இன்னொரு சொல்லை ஒட்டிக்கொண்டு, இத்தனை டொலர் அனுப்புங்கள் என்று கேட்பவர்கள் வெறும் எண்ணை விற்கிறார்கள். அதை உங்கள் முகப்பில் போட்டால், விஷயம் தெரிந்த ஆய்வாளர் இதழைத் திறந்தும் பார்க்க மாட்டார்.

டிஓஐ அப்படியல்ல. கட்டுரைக்குக் கொடுக்கும் நிரந்தர இணைய அடையாள எண் அது, நல்ல ஏற்பாடு. உங்கள் தளத்தின் முகவரி நாளை மாறினாலும், புதிய முகவரியை நீங்கள் பதிந்துவைத்தால், டிஓஐயைச் சொடுக்குபவர் சரியான கட்டுரைக்கே வந்து சேர்வார். ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்தில்லை. கட்டுரையைத் தேடுபொறியால் வாசிக்கவே முடியாவிட்டால் எத்தனை எண் கொடுத்தும் பயனில்லை.

வாசிக்க முடிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். உங்கள் பிடிஎப்பைத் திறந்து ஒரு வரியைத் தெரிவுசெய்து நகலெடுங்கள். அதை வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். எதையுமே தெரிவுசெய்ய முடியாவிட்டால், கோப்பில் இருப்பது எழுத்தல்ல, பக்கத்தின் படம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால், கட்டுரை பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. தமிழாக வந்தால் நல்லது, ஆனால் அதையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதி அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் பாமினிதான் ஓடுகிறது. அதில் 'அம்மா' என்று அடித்தால் கண்ணுக்குத் தெரிவது அம்மா. கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். கூகுள் பார்ப்பது அந்த ஐந்தையும்தான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலைப் பற்றி நீங்கள் முப்பது பக்கம் எழுதியிருக்கலாம். அந்தக் கோப்பில் 'வற்றாப்பளை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

தமிழைத் தமிழாகவே பதிவுசெய்யும் பொதுக் குறிமுறையான யுனிகோட்டில் தட்டச்சு செய்தாலும் முழுக்கத் தப்பிவிட முடியாது. பக்க வடிவமைப்பு மென்பொருளிலிருந்து பிடிஎப் ஆக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் பதிவாவதுண்டு. 'கொக்கிளாய்' என்று அச்சில் அழகாக இருப்பது, நகலெடுத்து ஒட்டினால் 'ெகாக்கிளாய்' என்று வரும். கொக்கிளாய்க் களப்பைத் தேடும் மாணவருக்கு அந்தக் கட்டுரை அகப்படாமல் போவதற்கு இந்த ஒரு கொம்பு போதும். ஒட்டிப் பார்க்கும்போது எ, ஏ, ஐ, ஒ, ஓ ஏறிய எழுத்துகளை மட்டும் கவனியுங்கள், தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தளத்தில் ஒரு தனிப் பக்கம் கொடுங்கள். அந்தப் பக்கத்திலேயே தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆய்வுச்சுருக்கம், திறவுச்சொற்கள், உசாத்துணை எல்லாவற்றையும் யுனிகோட் எழுத்தில் இடுங்கள். பிடிஎப் கீழே இருக்கட்டும், அதுவும் அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் உரியதாக. பிடிஎப்புக்குள் கொம்பு பிசகியிருந்தாலும் பக்கத்தில் உள்ளதைத் தேடுபொறி சரியாக வாசித்துக்கொள்ளும். உங்கள் இதழ் அகப்படாததற்கு எழுத்துருவுக்கு அடுத்த காரணம், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டிவைத்திருப்பதுதான். ஆய்வுக் கட்டுரைகளுக்கென்றே கூகுள் நடத்தும் தேடுபொறியான கூகுள் ஸ்கொலர் 2004 முதல் இயங்குகிறது. கட்டுரைக்கு ஒரு கோப்பு, கோப்பு 5 மெகாபைட்டுக்குள், சுருக்கம் யாரும் பதிவுசெய்யாமலே பார்க்கும்படி, என்பவை அதன் வெளிப்படையான விதிகள். நூற்றைம்பது பக்க முழு இதழுக்குள் கிடக்கும் எட்டுக் கட்டுரைகளை அது எட்டாகப் பிரித்தெடுப்பதில்லை.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேடு 1895இல் வந்தது. வன்னியின் குளங்களைப் பற்றி ஆராயும் மாணவர் இன்றும் அதைத்தான் முதலில் மேற்கோள் காட்டுகிறார். நல்ல நூல்தான். ஆனால் அதே குளத்தின் கீழ் பரம்பரையாக வயல் செய்தவர்களிடம் கேட்டு, உங்கள் இதழில் ஒருவர் தமிழில் எழுதியது அவர் கண்ணில் படுவதே இல்லை. ஒரு மண்ணைப் பற்றி அந்த மண்ணின் ஆட்கள் எழுதியது, அதே மண்ணின் மாணவருக்குக் கிடைக்காமல் போவது எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம்.

திறவுச்சொற்களிலும் கவனம் வையுங்கள். ஆங்கிலச் சுருக்கம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதில் ஊர்ப்பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிவிட்டு, மற்ற வழக்குகளைத் திறவுச்சொல்லில் சேர்த்துவிடுங்கள். வன்னியை ஆங்கிலத்தில் 'வீ'யில் தொடங்குபவர்களும் உண்டு, 'டபிள்யூ'வில் தொடங்குபவர்களும் உண்டு; முல்லைத்தீவுக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. கட்டுக்கரைக்குளம் பழைய ஆங்கில ஆவணங்களில் 'ஜயண்ட்ஸ் டாங்க்' என்றே இருக்கும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து தேடும் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் தெரிந்திருக்கும்.

பழைய இதழ்களுக்கு ஓர் எளிய ஏற்பாடு செய்யலாம். அச்சகத்தில் மூலக் கோப்பு இருந்தால் கேட்டு வாங்குங்கள். பாமினியை யுனிகோட்டாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அச்சுப் பிரதி மட்டுமே இருந்தால் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவிலோ டெசரக்ட் மென்பொருளிலோ, படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி வழியாக எடுக்கலாம், இரண்டும் தமிழ் வாசிக்கும். எல்லாவற்றையும் பிழைதிருத்தப் போனால் வேலை முடியவே முடியாது. தலைப்பு, பெயர், சுருக்கம், உசாத்துணை, இந்த நான்கையும் மட்டும் கையால் திருத்துங்கள். ஏற்றுவதற்கு முன் எழுத்தாளரிடம் சம்மதம் கேளுங்கள். காலமானவர் என்றால் குடும்பத்தாரிடம். புதிய கட்டுரைகளுக்கு, பதிப்புரிமை எழுத்தாளருக்கே, பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிட்டால் பிற்பாடு அலையத் தேவையில்லை.

தளத்துக்கு என்ன மென்பொருள் என்றால், ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஓஜேஎஸ். இலவசம். கட்டுரை வருவது, மதிப்பீட்டாளருக்குப் போவது, வெளியாவது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். ஸ்கொலருக்கு வேண்டிய குறிப்புகளையும் அதுவே பக்கத்தில் எழுதிவிடும். தமிழ், ஆங்கில விவரங்களைச் சேர்த்தே பதியலாம். ஆனால் யாராவது ஒருவர் அதை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். புதுப்பிக்காத ஓஜேஎஸ் தளங்களில் சூதாட்ட விளம்பரங்களைச் செருகிவிடுகிறார்கள். உங்களிடம் ஆள் இல்லையென்றால் சொந்தமாக நிறுவ வேண்டாம். யாழ் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. யாழ் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றின் நூலகரைச் சந்தித்து, அவர்களின் தளத்தில் இதழுக்கு இடம் தர முடியுமா என்று நேரில் கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் செனோடோ இருக்கிறது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான சேர்ன் நடத்தும் களஞ்சியம் அது. கட்டுரையை ஏற்றினால் டிஓஐயும் இலவசமாகவே கிடைக்கும். பிற்பாடு கட்டணம் கட்டி, டிஓஐ பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப்பில் சேர்ந்தால், ஏற்கெனவே டிஓஐ உள்ள கட்டுரைக்கு இரண்டாவது எண் வாங்காதீர்கள்.

இதழ்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இலங்கையில் அதைத் தேசிய விஞ்ஞான மன்றம் கவனிக்கிறது. அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக வேண்டும். அது கைக்கு வந்த பிறகு டிஓஏஜே என்ற, எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய (திறந்த அணுக்க) இதழ்களின் உலகப் பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது 5 ஆய்வுக் கட்டுரைகள், பெயரும் நிறுவனமும் குறிப்பிட்ட ஆசிரியர் குழு, மதிப்பீடு எப்படி நடக்கிறது என்ற விளக்கம் ஆகியவற்றைக் கேட்பார்கள். சிறிய இதழ்கள் தடுமாறும் இடம் இன்னொன்று. ஆசிரியர் குழுவினரும் மதிப்பீட்டாளர்களும் எழுதியவை ஓர் இதழின் ஆய்வுக் கட்டுரைகளில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டுரை வராத காலத்தில் குழுவே எழுதி நிரப்பும் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள். யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், தமிழ்நாடு என்று வெளியே இருப்பவர்களைக் குழுவிலும் மதிப்பீட்டிலும் சேருங்கள். மதிப்பீட்டாளருக்குக் கட்டுரையை அனுப்பும்போதே திரும்பத் தர வேண்டிய திகதியையும் எழுதுங்கள். மூன்று வாரம் நியாயமான அவகாசம். மதிப்பீடு முடிந்த கட்டுரையை அச்சுக்காக ஆறு மாதம் காக்க வைக்காமல் உடனே தளத்தில் இட்டுவிடலாம், பக்க எண் பிறகு வரட்டும்.

பிரதிகளைப் பல இடங்களில் வைப்பதை வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எத்தனை வீட்டு நூலகங்களையும் ஆவணங்களையும் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். நூலக நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் எல்லா இதழ்களையும் அவர்களுக்குக் கொடுங்கள். ஓஜேஎஸ் பயன்படுத்தி, ஐஎஸ்எஸ்என்னும் இருந்தால், ஓஜேஎஸ்ஸை உருவாக்கியவர்கள் பிரதிகளைக் காக்க நடத்தும் பாதுகாப்பு வலையமைப்பிலும் இலவசமாகச் சேரலாம். தளத்தின் பெயரைத் தனி ஒருவரின் கணக்கில் பதியாமல் சங்கத்தின் பெயரில் பதிந்து, புதுப்பிக்கும் திகதி இரண்டு பேருக்காவது தெரியும்படி செய்யுங்கள். அந்த ஒருவர் வெளிநாடு போய்க் கட்டணம் தவறினால், அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம்.