ரோதாங் கணவாயில் பனி எப்போது விழும்?

கேள்வி: ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு மணாலி போகிறோம். ரோதாங் கணவாய்க்குப் போக முடியுமா? பனிப்புயல் வருமென்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ரோதாங் 3,978 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். கணவாய்க்கு அடியில் செல்லும் அடல் சுரங்கப்பாதை (9.02 கி.மீ., 2020இல் திறந்தது) வழியாக மறுபக்கமுள்ள லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போகலாம். கடும் பனி விழுந்தால் அதற்கான சாலையும் அடைபடும்.

நம் வேலூர்ப் பக்கம் புயல்மழை கிழக்கே வங்கக் கடலிலிருந்து வரும். அங்கே நேர்மாறு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற காற்றழுத்தத் தாழ்வுதான் பனியைக் கொட்டுகிறது. வானிலை அறிக்கையில் அந்தச் சொல் வந்தாலே கவனியுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் மலையேற வேண்டாம்; சிவப்பு என்றால் விடுதியை விட்டே கிளம்பாதீர்கள். ஐந்து நாளுக்கு மேற்பட்ட கணிப்பை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள்.

மழையா பனியா என்பதை உயரம் தீர்மானிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். சுமார் 2,000 மீட்டரிலுள்ள மணாலியில் 8 டிகிரியோடு மழை தூறினால், கணவாயில் சுமார் மைனஸ் 5 டிகிரியில் பனி. ஒரு செ.மீ. மழைநீர் ஏறத்தாழ 10 செ.மீ. பனியாகும்; குளிர் கூடினால் இன்னும் அதிகம்.

பனி நின்று வானம் தெளிந்ததும் ஓடாதீர்கள். புதுப்பனி இறுகாமல் சரிவது முதல் ஓரிரு நாளில்தான் அதிகம். அதிகாலையில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். வெயில் ஏறிய பிறகு, சக்கரத்துக்குச் சங்கிலி வைத்திருக்கும் உள்ளூர் ஓட்டுநரோடு போங்கள். இரவில் கைப்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுக்கச் சொல்லுங்கள். திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளியே எடுங்கள்.