அப்பாவின் காபியில் கைவைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். காபியில் இனிப்பு மாத்திரைதான் போட்டுக் குடித்துவந்தார். அது புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அன்றைக்கே டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, நாட்டுச்சர்க்கரைக்கு மாற்றிவிட்டேன். "இது வேண்டாம்மா" என்று அப்பா முணுமுணுக்கிறார். நான் செய்தது சரிதானே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. உங்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் அப்பாதான்.

முதலில் நாட்டுச்சர்க்கரையை முடித்துவிடுவோம். வெள்ளைச் சர்க்கரையும் கரும்புச் சாறுதான், இதுவும் கரும்புச் சாறுதான். அவ்வளவாகச் சுத்திகரிக்காததால் கொஞ்சம் தாதுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், மணமும் நன்றாக இருக்கும். மற்றபடி அதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். வெல்லம், கருப்பட்டி கதையும் இதேதான். தேனில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து கிடக்கும், அவ்வளவுதான். "நாட்டு" என்ற அடைமொழி கணையத்துக்குத் தெரியாது. புற்றுநோய் வரலாமோ என்ற பயத்தில், ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்குத் தீனி போட்டிருக்கிறீர்கள்.

சரி, அந்தச் செய்திக்கு வருவோம். 2023 ஜூலையில் ஒரே நாளில் இரண்டு குழுக்களின் முடிவுகள் வெளிவந்தன. பிரான்சின் லியோன் நகரில் இருக்கும், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இனிப்பு மாத்திரைகளில் போடும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை "2பி" பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்று அதற்கு அர்த்தம். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அந்த முகமை பார்ப்பதில்லை. கிணறு ஆழமானதா என்று மட்டும் பார்ப்பவர்கள் அவர்கள். நீங்கள் அதில் விழுவீர்களா என்று பார்ப்பது, உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான இன்னொரு நிபுணர் குழு. உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் சாப்பிடலாம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணம் எதுவும் இல்லை என்று அந்தக் குழு அதே நாளில் சொன்னது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பாதியை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். அப்பாவின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், வரம்பு ஒரு நாளைக்கு 2,400 மில்லிகிராம். காபியில் போடும் அஸ்பார்டேம் மாத்திரை ஒன்றில் இருப்பது பெரும்பாலும் 20 மில்லிகிராமுக்குள். வரம்பைத் தொட நூறு மாத்திரைக்கு மேல் வேண்டும். நூறு மாத்திரைக்கு எத்தனை டம்ளர் காபி என்று யோசியுங்கள். அவ்வளவு காபி குடிப்பவருக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கும்.

இந்தப் பயம் புதிதல்ல. அஸ்பார்டேமுக்கு முன்னால் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு இருந்தது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸ் விற்பவரைக் காட்டி "அத்தனையும் சாக்கரின், கிட்டே போகாதே" என்று வீட்டில் மிரட்டுவார்கள். (போனோம்.) சாக்கரினைத் தீனியில் ஏராளமாகக் கலந்து கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால், 1977-இல் அமெரிக்காவில் அதைத் தடை செய்யப் பார்த்தார்கள். நாடாளுமன்றம் குறுக்கே வந்து, எச்சரிக்கை வாசகத்தோடு விற்கலாம் என்றது. அப்புறம் ஆராய்ந்ததில், ஆண் எலியின் சிறுநீரில் உள்ள விசேஷத்தால்தான் அந்தக் கட்டி, மனிதருக்கு அது பொருந்தாது என்று தெரிந்தது. 2000-இல் அந்த வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பொருட்களின் பிறப்பு ரகசியம் இன்னும் சுவாரசியம். பாதிப் பேர் கை கழுவாததால் பிறந்தவை! 1879-இல் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்திலிருந்து போய்ச் சாப்பிட உட்கார்ந்தார், ரொட்டி இனித்தது, சாக்கரின் கிடைத்தது. 1965-இல் குடல்புண் மருந்து தேடிக்கொண்டிருந்த ஷ்லாட்டர், காகிதம் எடுக்க விரலை நாக்கில் வைத்தார், அஸ்பார்டேம் கிடைத்தது. 1976-இல் லண்டனில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சசிகாந்த் பட்னிஸிடம் ஒரு பொருளை "டெஸ்ட்" செய்யச் சொன்னார்கள். அவர் காதில் "டேஸ்ட்" என்று விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். சர்க்கரையைவிட 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் அப்படி வந்ததுதான்.

இவ்வளவு சொல்வதால் மாத்திரைக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன இன்னொன்றுதான் நம் ஆட்கள் அனுப்பியிருக்க வேண்டிய செய்தி. உடல் எடையைக் குறைக்க இந்த இனிப்புகளை நம்பாதீர்கள், நீண்ட நாள் பார்த்தால் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றது. பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டதையும் சொன்னது. ஏற்கெனவே குண்டாக இருப்பவர்கள்தானே இதைத் தேடிப் போவார்கள், எது காரணம் எது விளைவு என்று கேட்கலாம். அந்தச் சந்தேகம் அவர்களுக்கும் இருந்ததால், பரிந்துரையை நிபந்தனையோடுதான் வெளியிட்டார்கள். முக்கியமாக, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது உங்கள் அப்பாவுக்கு இல்லை. இளைக்கிறேன் பேர்வழி என்று டயட் கோலாவைக் கவிழ்க்கும் பிள்ளைகளுக்கு.

2022-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 120 ஆரோக்கியமான ஆட்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சாக்கரினும் சுக்ரலோஸும் இரண்டே வாரத்தில் சிலருடைய குடல் நுண்ணுயிர்களையும், ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் விதத்தையும் மாற்றின. எல்லாரிடமும் ஒரே மாதிரி இல்லை. ஆகவே, உடம்பில் எதையும் தொடாமல் நழுவிப் போய்விடும் பொருள் என்றும் இவற்றைச் சொல்ல முடியாது. மறுபக்கம், சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் துளி குறைந்தன. கொண்டாடவும் ஒன்றுமில்லை, அலறவும் ஒன்றுமில்லை.

என் பயம் வேறு. மூன்று டம்ளர் காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 30 கிராம் சர்க்கரை. மாத்திரை மிச்சம் பிடித்துக் கொடுப்பது இவ்வளவுதான். 100 கிராம் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு. காபியில் மிச்சம் பிடித்தோமே என்று மதியம் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொண்டால், கணக்கு நேராகிவிட்டது. "சுகர் ஃப்ரீ" மைசூர்பாகு என்று ஒன்று இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. சர்க்கரையை எடுத்துவிட்டார்கள், சரி. நெய்யை யார் எடுத்தது? கடலைமாவு எங்கே போயிற்று? சீனித்துளசி (ஸ்டீவியா) இலையின் இனிப்பு போட்டது என்று சொன்னாலும் இதே கேள்விதான்.

மாத்திரை விஷயத்தில் சில சில்லறைக் குறிப்புகள். அஸ்பார்டேம் கொதித்தால் இனிப்பு போய்விடும். பாயசத்தில் போடுவதானால் இறக்கி ஆறவைத்த பிறகு. பொட்டலமாக வரும் தூளில் அளவைக் கூட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருப்பார்கள், அதுவும் மாவுச்சத்துதான். டப்பாவில் எறும்பு எழுத்தில் "குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை" என்ற வரி ஆங்கிலத்தில் இருக்கும். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் டப்பாவை மிட்டாய் டப்பாவாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேம் பக்கமே போகக் கூடாது.

மற்றபடி, புதுசாக ஒரு டப்பா வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாத்திரையை ஒன்றாக்கி, ஒன்றைப் பாதியாக்கிப் பார்க்கச் சொல்லலாம். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். டிகிரி காபி ஊர்க்காரர், நல்ல பாலும் டிகாஷனும் இருந்தால் அதுவும் தேவையில்லை என்று அவரே சொன்னாலும் சொல்வார். நாட்டுச்சர்க்கரை வந்த நாளிலிருந்து அவருடைய ரத்தச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. நாளைக் காலையிலேயே பாருங்கள். அந்த எண்ணை எங்களுக்கு எழுத வேண்டாம், குடும்பக் குழுவில் போடுங்கள்.