பனிப்பிரதேசத்திலிருந்து வெயில் நகரத்துக்கு: குடிபெயர்வோரின் கேள்விகளும் பதில்களும்

குளிர்ப்பகுதியை விட்டு வெயில் நகரத்துக்கு வீடு மாற்றுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருந்தவை இங்கே. சாமான் ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். உடம்பும் மரமும் காரும் புது ஊருக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

கே: கோடையின் உச்சத்தில்தான் போய்ச் சேர முடியும்போலத் தெரிகிறது. உடம்பு பழக எத்தனை நாள் ஆகும்?

பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 14 நாள். முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். பிறகு வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும். இந்த மாற்றம் நடக்க உடம்பு தினமும் கொஞ்சமாவது சூட்டை உணர வேண்டும். ஏசி அறை, ஏசி கார், ஏசி அலுவலகம் என்றே இருப்பவர் மூன்று மாதம் கழித்தும் முதல் நாள் வந்தவர் மாதிரியே வாடுவார். காலையிலோ மாலையிலோ, முதலில் 15-20 நிமிட நடையில் தொடங்கி, இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரம்வரை கொண்டுபோங்கள். ஒரு வாரம் விட்டுவிட்டால் பழக்கம் குறையத் தொடங்கும் என்பதால், குளிரூருக்கு விடுமுறை போய்த் திரும்பியதும் மறுபடி மெதுவாகவே ஆரம்பிக்க வேண்டும்.

வெளிவேலை செய்பவர்களுக்குத் தொழில் பாதுகாப்புத் துறையில் ஒரு கணக்கு உண்டு: புதிதாக வந்தவர் முதல் நாள் வழக்கமான வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டிக்கொண்டு ஐந்தாம் நாள் முழு வேலை. வெப்பத்தால் ஏற்படும் மரணங்களில் பல, வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நேர்பவை. அதனால்தான் இந்தக் கணக்கு.

ஒருவர் வெயிலில் குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ நினைவு தப்பினாலோ அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே கொள்ளுங்கள். வியர்வை நின்றால்தான் வெப்ப வாதம் என்பது தவறான நம்பிக்கை. கடும் உழைப்பில் வருவதில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். அவசர உதவியை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பைக் குளிர்வியுங்கள்: முடிந்தால் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது, இல்லாவிட்டால் நீரை ஊற்றி விசிறுவது, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைப்பது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கே: பழைய ஊரிலும் கோடையில் 32 டிகிரி பார்த்திருக்கிறோம். இங்கே அதே 32 ஏன் இப்படிக் கொல்கிறது?

காற்றிலுள்ள ஈரம்தான் காரணம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் டியூ பாயின்ட், அதாவது பனிநிலை (காற்றின் ஈரம் நீராக அரும்பத் தொடங்கும் வெப்பநிலை), என்ற எண்ணைப் பாருங்கள். அது 13-க்குக் கீழே இருந்தால் சுகம். 18-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு. 24-க்கு மேலே போனால் நிழலில் உட்கார்ந்திருந்தாலும் புழுக்கம் விடாது. 40 டிகிரியில் பனிநிலை 10 என்றால் ஈரப்பதம் 17 சதவீதம்தான், வியர்வை உடனே காயும். 32 டிகிரியில் பனிநிலை 26 என்றால் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தொடும், வியர்வை வழியும், காயாது.

ஊர் தேர்ந்தெடுக்கும்போதே உச்ச வெப்பநிலையை மட்டும் ஒப்பிடாமல் இன்னும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: கோடை மாதப் பனிநிலை, இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை. பகல் சூட்டைச் சமாளித்துவிடலாம். இரவிலும் இறங்காத சூடுதான் தூக்கத்தைக் கெடுத்து ஆளை நாளுக்கு நாள் தளர்த்தும்.

கே: தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்?

சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்கு. மணிக்கணக்கில் வியர்க்கும் வேலை என்றால் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலியும் குமட்டலும் வரும். அதற்கு இந்தக் கரைசலைக் குடியுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பைக் கூட்டாதீர்கள். உப்பையோ நீரையோ மருத்துவர் கட்டுப்படுத்தியிருந்தால் அவர் சொன்ன அளவுதான்.

கே: வாடகைக்கு வீடு பார்க்கிறோம். "வெளிச்சமான வீடு" என்பதுதான் இதுவரை எங்கள் முதல் நிபந்தனை. இங்கும் அது சரியா?

குளிரூரில் வெயில் வரும் ஜன்னல் வரம். இங்கே எந்தத் திசை ஜன்னல் என்று கேட்க வேண்டும். மேற்கு ஜன்னல்தான் முதல் எதிரி. பிற்பகல் சூரியன் தாழ்ந்து வருவதால் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராக அறைக்குள் விழும். வட அரைக்கோளத்தில் தெற்குச் சுவருக்குக் கோடையில் அவ்வளவு தொல்லை இல்லை. நடுப்பகல் சூரியன் உயரத்தில் இருப்பதால் சிறிய சன்ஷேடே மறைத்துவிடும். தென் அரைக்கோளத்தில் இதே சலுகை வடக்குச் சுவருக்கு. மேற்கு மட்டும் எங்கும் மேற்குதான்.

வீட்டைக் காலையில் போய்ப் பார்க்காதீர்கள். மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் போய், மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் கையை வையுங்கள். மேல்மாடி என்றால் கூரையையும் தொட்டுப் பாருங்கள். பகலெல்லாம் சூட்டை உறிஞ்சிய கான்கிரீட் தளம் அதை இரவு முழுக்கப் படுக்கையறைக்குள் இறக்கும். வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சோ, கூரைக்கு மேலே காற்று புகும்படி போட்ட நிழல் தட்டியோ இல்லாத மேல்மாடியை வாடகை குறைவு என்று எடுப்பதில் லாபமில்லை. மிச்சமானது மின்கட்டணத்தில் போய்விடும்.

ஜன்னல் வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். உள்ளே எத்தனை தடிமனான திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு அறைக்குள்தான் நிற்கும். தட்டி, வெளித்திரை, கொடிப்பந்தல், எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே இருக்கட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் உண்டா என்பதையும் பாருங்கள். ஒரே பக்கம் மூன்று ஜன்னல் இருந்தாலும் காற்று ஓடாது.

கே: ஏசி பெரியதாகவே வாங்கிவிடலாமா? பழைய வீட்டில் ஹீட்டரை அப்படித்தான் வாங்கினோம்.

கூடாது. ஒரு டன் ஏசி என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். (ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், பனிக்கட்டி வியாபாரம் நடந்த காலத்தின் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இழுத்து நீராக வடிக்க அது தொடர்ந்து ஓட வேண்டும். ஓடாவிட்டால் அறை சில்லென்று இருக்கும், ஆனாலும் ஈரவாடை அடிக்கும், சுவர் மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். அறையின் அளவோடு கூரை, மேற்குச் சுவர், ஜன்னல் கண்ணாடியின் பரப்பு, உள்ளே இருப்போர் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.

24-26 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் போதும். ஃபேன் காற்றைக் குளிர்விக்காது, தோலைத்தான் குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் அதற்கு வேலையில்லை. வேகம் மாறாத சாதாரண ஏசியில் 16 என்று வைப்பதால் சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். உள்யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடைத்துக்கொண்ட வடிகுழாயை.

கே: காரை ஓட்டிக்கொண்டே போகப்போகிறோம். குளிர்கால டயர், ஆன்டிஃப்ரீஸ் எல்லாம் இருக்கிறது. என்ன மாற்ற வேண்டும்?

டயரை மாற்றுங்கள். குளிர்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இளகி இருக்கும்படி செய்யப்பட்டது. சூடான சாலையில் அது மிகவும் மென்மையாகி வேகமாகத் தேயும், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். டயர் காற்றழுத்தம் 5.5 டிகிரி ஏற்றத்துக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ உயரும். மைனஸ் 10-இல் நிரப்பிய டயர் 35 டிகிரி ஊரில் ஏறத்தாழ 8 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். வழியிலேயே, ஒவ்வொரு காலையும் வண்டியை எடுப்பதற்கு முன் சரிபாருங்கள். ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்.

ஆன்டிஃப்ரீஸ், அதாவது ரேடியேட்டர் நீர் உறையாமலிருக்கக் கலக்கும் திரவம், அந்த விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். "இனிப் பனியே இல்லையே" என்று அதை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுவது எஞ்சினைக் கெடுக்கும் வழி. அதையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 வரை உறையாது என்பது ஒரு பாதி உண்மைதான். மறுபாதி, அது தண்ணீரைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும், உள்ளே துருவும் பிடிக்கவிடாது. வெயிலூரிலும் அதே கலவைதான். பழையதாகிவிட்டால் மட்டும் கையேடு சொல்லும் வகையில் மாற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

எஞ்சின் ஆயிலில் 0W என்றிருந்தால் அது குளிருக்கு மட்டும் ஆனது என்று மாற்ற வேண்டியதில்லை. W-க்கு முந்தைய எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது, பின்னால் வரும் எண்தான் சூடான எஞ்சினுக்கானது. கையேடு சொல்வதே போதும். கண்ணாடி கழுவும் குளிர்கால நீரில் மெத்தனால் இருக்கும். சூட்டில் அது சீக்கிரம் ஆவியாகும், எளிதில் தீப்பற்றும். தீர்த்துவிட்டுக் கோடைக்கானதை நிரப்புங்கள்.

புறப்படுமுன் அடிப்பாகத்தை அழுத்த நீரால் கழுவுவது அவசியம். சாலையில் தூவிய உப்பு, அதிலும் கால்சியம், மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரத்தை இழுத்து ஈரமாகவே இருக்கும். அதோடு வெப்பமும் சேர்ந்தால் துரு வேகம் பிடிக்கும். பேட்டரியைப் பொறுத்தவரை, குளிர் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும், சூடுதான் ஆயுளைக் குறைக்கும். மூன்று வயது தாண்டியதென்றால் போனவுடன் சோதித்துவிடுங்கள்.

கே: கிதார், பியானோ, தேக்கு அலமாரி வருகின்றன. பெட்டியைப் பிரித்ததும் என்ன செய்வது?

பிரிக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. குளிர்ந்த பொருளை ஈரக்காற்றில் திறந்தால் மேலும் உள்ளும் நீர் அரும்பும். கிதாரை உறையோடும், டிவி, கணினியை அட்டைப்பெட்டியோடும் ஒரு நாள் அறைக்குள் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். கிதாருக்கு 45-55 சதவீத ஈரப்பதம் நல்லது. சிறிய ஈரமானி ஒன்றை உறைக்குள் போட்டுவையுங்கள். பியானோவுக்கு வந்த வாரமே சுருதி சேர்ப்பது வீண்செலவு. மூன்று நான்கு வாரம் கழித்துச் செய்யுங்கள்.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காய்ந்திருந்த மரம், ஈரமான ஊரில் நாருக்குக் குறுக்காக உப்பும். டிராயர் இறுகும், கதவு உராயும். உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். இன்று இழைத்த கதவு காய்ந்த பருவத்தில் சுருங்கி இடைவெளி காட்டும். ஒரு பருவம் பொறுத்து, அப்போதும் உராய்ந்தால் இழைத்து, இழைத்த விளிம்புக்கு வார்னிஷ் பூசுங்கள். வறண்ட வெயிலூர் என்றால் தொல்லை தலைகீழ்: பிளவும், பசை விட்ட மூட்டுகளும்.

கே: கம்பளி உடைகளை என்ன செய்வது? கொடுத்துவிடவும் மனமில்லை.

ஆளுக்கு ஒரு முழுச் செட் வைத்துக்கொள்ளுங்கள், பயணத்துக்கு உதவும். துவைத்து முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு வியர்வையும் கறையும் படிந்த கம்பளியைத்தான் தேடிப் போகும். சந்தேகமான ஸ்வெட்டரைப் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். இறகு அடைத்த ஜாக்கெட்டைக் காற்று உறிஞ்சும் பையில் நசுக்கி வைத்தால் மறுபடி உப்பாது.

பனிக்காலணிகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட காலணி, ஈரமும் சூடும் உள்ள இடத்தில் போடாமலே கிடந்தால் சில ஆண்டுகளில் தானாகப் பொடிந்துபோகும். அதைப் பத்திரப்படுத்துவதைவிடப் பழைய ஊரிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவது மேல்.

கே: ரத்த அழுத்த மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறேன். எச்சரிக்கை ஏதும்?

போகுமுன் மருத்துவரைப் பாருங்கள். சூட்டில் ரத்தக்குழாய் விரிவதால் அழுத்தம் தானாக இறங்கலாம். அதே மாத்திரையில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை, லித்தியம், சில ஒவ்வாமை மாத்திரைகள், சில மனநல மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதுபோன்ற கவனம் வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவருக்கு வெயிலில் தோல் எளிதில் பொசுங்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திறக்காத இன்சுலின் 2-8 டிகிரியில் இருக்க வேண்டும். அதைச் சாமான் லாரியிலோ நிறுத்திய காரிலோ வைக்கவே கூடாது.

கே: சன்ஸ்கிரீன் 30 போதுமா, 50 வேண்டுமா?

தோலைப் பொசுக்கும் புறஊதா-பி கதிரில் 30 சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. பூசும் அளவில்தான் பிழை நடக்கிறது. உடம்பு முழுக்கப் பூச 30 மில்லி வேண்டும், இரண்டு மணிக்கொருமுறை மறுபடியும். புறஊதா குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. அது வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதல்ல, இதமான நாளிலும் பொசுக்கும்.

கே: அடர்ந்த முடியுள்ள நாய். மொட்டையடித்துவிடலாமா?

இரட்டை அடுக்கு முடியுள்ள நாயை மழிக்காதீர்கள். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது, மழித்தால் சீராகத் திரும்பி வளராமலும் போகலாம். உள்முடியை நன்றாக வாரி எடுங்கள். காற்று 25 டிகிரி இருக்கும் வெயில் நாளிலேயே தார்ச்சாலை 50-ஐத் தொடும். புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாத தரையில் நாயை நடத்தாதீர்கள். கொசு பரப்பும் இதயப்புழுவுக்கான தடுப்பு மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். முதலில் ரத்தப்பரிசோதனை, பிறகே மருந்து.

கே: பழைய வீடு விற்கவில்லை. நடுக்குளிர்காலத்தில் பூட்டிவிட்டுப் போகிறோம்.

குழாயில் நீர் உறைந்து வெடிக்காமலிருக்க, ஹீட்டரை 13 டிகிரிக்குக் குறையாமல் ஓடவிட்டு, வாரம் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் குழாய்களைக் காலி செய்யுங்கள்: முதன்மை வால்வை மூடி, வாட்டர் ஹீட்டரின் மின்சாரம் அல்லது எரிவாயுவை அணைத்து, பிறகு அதன் நீரை வடித்து, மேல்மாடிக் குழாயிலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். சலவை இயந்திரத்தின் குழாயை மறக்காதீர்கள். தொட்டிகளுக்கு அடியிலுள்ள வளைகுழாய்களில் குழாய்களுக்கென்றே விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் (உறையாமல் காக்கும் திரவம்) ஊற்றுங்கள். காருக்கான எத்திலீன் கிளைக்கால் விஷம், அது வேண்டாம். காலி வீட்டுக்குக் காப்பீட்டில் தனி நிபந்தனைகள் இருப்பது வழக்கம். சாவியைப் பூட்டில் திருப்புமுன் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கே: டியூலிப் கிழங்குகளைக் கொண்டுபோகலாமா? ஆப்பிள் கன்று?

வேற்று நாடு என்றால் செடி, மண் கொண்டுபோகும் விதிகளை முதலில் பாருங்கள். டியூலிப் பூக்க 12-16 வாரக் குளிர் வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் பழங்களோடு வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். ஆப்பிளில் பல வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800-1000 மணி நேரக் குளிர் தேவை. கன்றைச் சுமந்து போகாமல், 400 மணி நேரத்துக்குள் திருப்தியடையும் குறைந்த குளிர் வகையை அங்கேயே வாங்கி நடுங்கள்.