‘ஓசி’ என்று யார் சொன்னது?

கேள்வி: அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கு ஆபரேஷன். முந்தின நாள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, ‘இலவசமாப் பார்க்கிறோம், இதுல கேள்வி வேறயா’ என்றார் அங்கிருந்தவர். வாயை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன். நான் கேட்டது தப்பா?

பதில்: கேட்டது தப்பில்லை, படிக்காமல் போட்டதுதான் தப்பு. அப்புறம், இலவசம் என்று யார் சொன்னது? பிரிட்டனில் 1948 ஜூலை 5-ம் தேதி அரசு மருத்துவச் சேவை தொடங்கியபோது மக்களுக்குக் கொடுத்த துண்டுப் பிரசுரத்திலேயே, இது தர்மம் இல்லை, பெரும்பாலும் வரி மூலமாக நீங்கள் எல்லோரும் பணம் கட்டித்தான் இது நடக்கிறது என்று போட்டிருந்தார்கள். வருமான வரி கட்டாதவர்கூட ஒரு சோப்புக்கட்டி வாங்கும்போது வரி கட்டிவிடுகிறார்.

இன்னொன்று. அம்மா நினைவோடு, சொன்னால் புரிந்துகொள்கிற நிலையில் இருந்தால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான், நீங்கள் இல்லை. என்ன செய்யப் போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் சர்க்கரை நோயுள்ள ஒரு கர்ப்பிணிக்கு, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9, 10 சதவீத வாய்ப்பு இருந்தும் டாக்டர் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பாரே என்று நினைத்தாராம். தோள் சிக்கியது, குழந்தைக்கு நிரந்தர பாதிப்பு. எது முக்கியமான ஆபத்து என்பதை நோயாளியின் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும், டாக்டர் மட்டும் முடிவு செய்ய முடியாது என்று 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பலாமா?

பதில்: உயிருக்கு ஆபத்தென்றால் கூடாது. 1992-ல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை ஒவ்வொரு அரசு மருத்துவமனையாக அலையவிட்டார்கள், கடைசியில் தனியாரில்தான் சேர முடிந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இதை வாழும் உரிமையின் மீறல் என்றது, நிதியில்லை என்ற சாக்கையும் ஏற்கவில்லை, அவருக்கு 25,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஏன் தாமதம், எப்போது முறை வரும் என்று கேட்கலாம். முன்னால் நிற்பவரைத் தாண்டிப் போக உரிமை கிடையாது, எந்தப் பெரிய மனிதரின் சிபாரிசு இருந்தாலும்.

கேள்வி: இப்படியெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பதில்: சிலர் கோபிப்பார்கள். ஒரு வார்டு முழுக்கப் பார்த்து முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு. ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே மூன்று கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர் கட்டிலருகே வந்ததும் தாளைப் பார்த்தே கேளுங்கள். எழுதிவைத்துக் கேட்பவரிடம் பொதுவாக நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.