பழைய ஜிப்ஸியில் காலை ஸ்டார்ட்டிங் தகராறும் ஆயில் கசிவும்: ரிங் வேலைக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி ஒன்றை ஓட்டி வருகிறேன். அதன் 970 சிசி எஞ்சின் தேய்ந்துபோனதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் எஸ்டீம் காரின் 1298 சிசி கார்புரேட்டர் எஞ்சினைப் பொருத்தினோம். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பதிலாகக் கூம்பு வடிவ ஃபில்டரும், டாப் கவரில் இருந்த, உள்ளே சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாய்க்குச் சிறிய ஃபில்டர் ஒன்றும் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதமாகக் காலையில் எட்டுப் பத்து முறை செல்ஃப் அடித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. சில நாள்களில் 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பேச்சிப்பாறை ஏற்றம் ஏறி இறங்கினால் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் தானாக மேலே வந்து நிற்கிறது, பெல் ஹவுசிங்கின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) அடியில் ஆயில் சொட்டுகிறது. ஒரு மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து புகையைக் காட்டி, பிஸ்டன் ரிங் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில், கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் பக்கவாட்டில் ஒரு சிறு குழாய் முனை தெரிகிறது. அதற்குக் கறுப்பு ரப்பர் மூடி ஒன்றைச் செருகி, மேலே ஒரு கிளாம்ப்பை இறுக்கியிருக்கிறார்கள். அந்த மூடியின் விளிம்பு வெடித்திருப்பதும் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. கார்புரேட்டரையும் எஞ்சினையும் சந்தேகிப்பதற்கு முன், எஞ்சின் மாற்றியபோது எது கழற்றப்பட்டு, திரும்ப இணைக்கப்படாமல் போனது என்று பார்ப்பதே மாற்றம் செய்யப்பட்ட வண்டிகளுக்கு ஏற்ற முறை. உங்கள் வண்டியில் அப்படி விட்டுப்போனது பி.சி.வி. (பாசிட்டிவ் கிராங்க் கேஸ் வென்டிலேஷன்) வால்வும் அதன் ஹோஸும்தான்.

அந்த வால்வு என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும், பெட்ரோல் எரியும்போது வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்கின் இடுக்கு வழியாகக் கீழே, ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கவே செய்யும். அந்த வாயுவுக்கு வெளியேற வழி வேண்டும். பழைய காலத்து எஞ்சின்களில் ஒரு குழாயைச் சாலையைப் பார்த்துத் தொங்கவிட்டு அதன் வழியாக வெளியேற்றினார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு வந்தபோதுதான் அதை மேனிஃபோல்டு வழியாகத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் ஏற்பாடு பரவலாயிற்று. உங்கள் எஞ்சின் அந்த இரண்டாம் வகை. ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் இழுவிசை அதிகமாக இருப்பதால் வால்வின் உள்ளே இருக்கும் முள் இழுக்கப்பட்டு, சிறு இடைவெளியை மட்டும் விடுகிறது. பாரம் ஏறும்போது இழுவிசை குறைகிறது, ஸ்பிரிங் முள்ளைத் தள்ளி வழியை அகலமாக்குகிறது. அப்படியும் போதாமல் மிஞ்சும் வாயு, டாப் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் மற்றொரு ஹோஸ் வழியாகச் சென்று கார்புரேட்டருக்குள் சேர்ந்துவிடும். ஆக, வழி இரண்டு.

அந்த இரண்டு வழியில் ஒன்றை ரப்பர் மூடி அடைத்துவிட்டது. மற்றொன்றின் வாயில் கட்டைவிரல் பருமனுள்ள ஃபில்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது ஆயில் ஆவியை உறிஞ்சி, அதன் மேல் தோட்டத்துச் செம்மண் தூசியும் படிந்து, சில மாதங்களில் களிம்பு பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும். சமவெளியில் அந்த மீதி ஓட்டை ஒருவாறு சமாளித்துவிடும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது கீழே இறங்கும் வாயு பல மடங்காகிறது. வெளியேற வழியில்லாமல் டிப் ஸ்டிக்கைத் தூக்குகிறது, பின்பக்க ஆயில் சீலின் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஆயிலைப் பெல் ஹவுசிங்குக்குள் தள்ளுகிறது. சீல் நல்ல நிலையில் இருந்தாலும் இது நடக்கும்.

காலைத் தகராறில் பாதிக்கும் அதே ரப்பர் மூடிதான் காரணம் என்று நினைக்கிறேன். சோக் இழுக்கும்போது கார்புரேட்டரின் மேல்வாய் மூடிக்கொள்கிறது. செல்ஃப் எஞ்சினைச் சுற்றும்போது உண்டாகும் சிறிய இழுவிசை முழுவதும் பெட்ரோலை இழுப்பதற்குப் பயன்பட வேண்டும் என்பதே சோக்கின் நோக்கம். வெடித்த மூடி வழியாகக் காற்று புகுந்தால் அந்த இழுவிசை பெட்ரோலுக்குப் போகாமல் காற்றுக்குப் போகிறது; கலவை மெலிந்து, பிளக் தீ கொடுத்தும் பற்றுவதில்லை. நம்முடைய மாவட்டம் ஊட்டி அல்லவே, எட்டு முறை செல்ஃப் அடிப்பதற்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. இதை உறுதிசெய்துகொள்வது எளிது. எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது அந்த மூடியை விரலால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஸ்பிரே புட்டியால் அதன்மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் உடனே மாறினால் கசிவு அங்கேதான். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு; சூடான எக்ஸாஸ்டின் பக்கத்தில் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இப்போது 'டக்' சத்தத்துக்கு வருவோம், ஏனென்றால் அது தனிக் குற்றம். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாமல் போவது ஒரு நோய், எஞ்சின் சுற்றவே மறுப்பது வேறு நோய். இரண்டும் ஒரே வண்டியில் வந்ததால் ஒன்றாகத் தோன்றுகின்றன. ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றால் செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டு (மின்காந்த ஸ்விட்ச்) இழுத்துவிட்டது, மோட்டாருக்குப் போதிய கரண்ட் வரவில்லை என்று பொருள். 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும்: இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒற்றை 'டக்' வரும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது எர்த் ஒயரைத்தான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின்மேல் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்துவிட்டாலோ, மாட்டிய இடத்தில் பெயின்ட் இருந்தாலோ, கரண்ட் வேறு வழி தேடும். சோக் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும்தான் அந்த வேறு வழி. இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டுச் சோக் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மல்டிமீட்டரே தேவையில்லை.

ஒயர் வெளியே பளபளவென்று இருப்பதை நம்ப வேண்டாம். குளச்சல் கடற்கரையோரம் நின்ற ஒரு வண்டியில் எர்த் ஒயரின் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தபோது, உள்ளே செம்புக் கம்பிகளுக்குப் பதிலாகப் பச்சைப் பொடிதான் கொட்டியது; உப்புக்காற்று ஒயர் முனையிலுள்ள லக்கின் வாய் வழியாக நுழைந்து ஒரு சாண் தூரம் தின்றிருந்தது. உங்கள் தோட்டம் கடலுக்குத் தொலைவு என்றாலும், இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் ஈரம் அதே வேலையை மெதுவாகச் செய்யும். சோதனை இதுதான்: காயிலின் பாசிட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழி கெட்டிருக்கிறது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் கூடாது. மீட்டர் இல்லாதவர்கள் ஜம்பர் கேபிளின் ஒரு கிளிப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சினைத் தூக்கும் கொக்கியிலும் மாட்டிப் பார்க்கலாம். எஞ்சின் உடனே வேகமாகச் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது. காயிலிலிருந்து பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் ஹெச்.டி. ஒயரை மட்டும் கழற்றி அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டாம், எலக்ட்ரானிக் இக்னிஷன் அதைத் தாங்காது.

காயிலுக்கு வரும் ஒயரும் பெரும்பாலும் ஜிப்ஸியின் பழைய ஒயரிங்கிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் காயில் பாசிட்டிவில் அளந்து, பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், பழைய சாவி ஸ்விட்சை நம்பாமல் ஃபியூஸோடு ஒரு ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். பெட்ரோல் வருகிறதா என்பதைக் காலையில் செல்ஃப் அடிக்கும் முன்பே பார்த்துவிடலாம்: கூம்பு ஃபில்டரைக் கழற்றி, சோக்கைத் திறந்து வைத்து, ஆக்ஸிலேட்டர் லிவரைச் சட்டென இழுத்தால் உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இல்லாமல் இருக்கலாம். பம்ப்பையும் ஹோஸையும் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது.

இனி பிரீதரைச் சரிசெய்யும் விதம். உங்கள் எஞ்சினுக்குரிய பி.சி.வி. வால்வையே வாங்குங்கள், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மாருதி உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். வேறு எஞ்சினின் வால்வு உருவத்தில் ஒத்திருந்தாலும் உள்ளே காற்று போகும் அளவு மாறும். கையில் குலுக்கினால் முள் கலகலக்க வேண்டும். அதை மேனிஃபோல்டில் பொருத்தி, டாப் கவரிலிருந்து ஆயில் தாங்கும் நைட்ரைல் ஹோஸால் இணைக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூபும், கொத்தனாரின் ரசமட்ட டியூபும் சூட்டில் இளகி, இழுவிசையில் சப்பிப்போகும். சிறிய ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, டாப் கவரின் இரண்டாவது முனையைக் கூம்பு ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள கழுத்துப் பகுதியில் இணையுங்கள். அந்தக் கழுத்தில் முனை இல்லையென்றால் லேத் பட்டறையில் ஒன்றை வெல்டிங் வைத்துத் தருவார்கள். ஹோஸ் எங்கும் தொய்ந்து 'ப' எழுத்துபோல் தொங்கக் கூடாது, அந்தக் குழியில் ஆயில் தேங்கி மறுபடியும் அடைப்பாகும். ஹோஸில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் வைப்பது உங்கள் விருப்பம். வைத்தால் மாதம் ஒருமுறை வடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஐட்லிங்கை மறுபடி செட் செய்யுங்கள், கார்புரேட்டர் இந்தக் காற்றையும் கணக்கில் சேர்த்து வடிவமைக்கப்பட்டது.

ஆயில் மூடியைத் திறந்து புகை காட்டிய மெக்கானிக்கிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான்: பி.சி.வி. இல்லாத எந்த எஞ்சினிலும் மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகை வரும். சரியான சோதனை, வால்வைப் பொருத்திய பிறகு செய்வது. எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது, கூம்பு ஃபில்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி டாப் கவரின் முனையை அடைத்துவிட்டு, ஆயில் ஊற்றும் வாயில் மருத்துவர்கள் அணியும் மெல்லிய கையுறை ஒன்றை மாட்டிப் பாருங்கள். கையுறை மெல்ல உள்ளே இழுக்கப்பட்டால் ரிங் பிழைத்திருக்கிறது. ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு எழுந்து நின்றால் அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். அப்போதும் கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) பார்த்துவிட்டுத்தான் எஞ்சினை இறக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை விடுவித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற வெளிர்ந்த பசை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் ஓடி, எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் நிற்கும் வண்டிகளில், அடைபட்ட ஈரம் ஆயிலோடு கலந்து மழைக்காலத்தில் அப்படித்தான் ஆகும். கூலன்ட் குறையாமலும், டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறம் மாறாமலும் இருந்தால் ஹெட் பேக்கிங்கைக் குற்றம் சொல்லத் தேவையில்லை. ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை நாகர்கோவில் வரை ஓட்டிவிட்டு வாருங்கள்.

எஞ்சின் எண் மாறியது ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் விபத்துக் காப்பீட்டில் சிக்கல் வரும்.

பின்பக்க ஆயில் சீலுக்காக இப்போதே கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, புதிய பிரீதரோடு ஐந்நூறு கிலோமீட்டர், ஒருமுறையாவது பேச்சிப்பாறை ஏற்றம் உட்பட, ஓட்டிவிட்டு அடியில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் உலர்ந்திருந்தால் சீல் அப்படியே இருக்கட்டும். ஈரம் தெரிந்தால், அடுத்த முறை கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸ் இறங்கும்போது அதையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.